உர வாளி நாறுகிறது, வழி சொல்லுங்கள்

சமையலறைக் கழிவை உரமாக்க வைத்த வாளி மூன்று வாரமாக அழுகிய முட்டை மாதிரி நாறுகிறது, எதைச் செய்தும் சரியாகவில்லை.

சென்னை வேளச்சேரியில் மூன்றாம் மாடி, பால்கனியில் வைத்திருக்கிறேன், மேலே கூரை உண்டு ஆனால் சாரல் அடிக்கும். 20 லிட்டர் பெயின்ட் வாளி, ஆணியைச் சுடவைத்துப் பக்கவாட்டில் துளை போட்டேன், அடியில் நாலு. ஆகஸ்டில் ஆரம்பித்தது. முதல் இரண்டு மாதம் அருமையாகப் போனது, கையை வைத்தால் சூடு தெரியும், மூடியைத் திறந்தால் மழை பெய்த மண் வாசனை. ஐப்பசி மழை பிடித்ததும் கெட்டது. இப்போது கிளறினால் அடியில் கறுப்பாகக் கொழகொழவென்று குச்சியில் ஒட்டுகிறது, ஓரத்தில் வெள்ளைப் புழு நெளிகிறது.

தினமும் ஒரு கிண்ணம் காய்த்தோல், டீத்தூள், பழத்தோல்தான் போடுகிறேன். சோறு, குழம்பு போடுவதே இல்லை. தேங்காய் நார்த்தூள் இரண்டு கிலோ கலந்தேன், பழைய பேப்பரைக் கிழித்துப் போட்டேன், வேப்பம்புண்ணாக்கு தூவினேன். அப்புறம் யாரோ சொன்னார்களென்று புளித்த மோர் ஊற்றினேன், ஈரம் கூடியதுதான் மிச்சம்.

புழு இருந்தால் பரவாயில்லை, நாற்றம்தான் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வரை போகிறது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலைச் சாத்திவிடுகிறார், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. பெருங்குடிக் குப்பை மேட்டைப் பார்த்தபிறகு, இதைத் திரும்பக் குப்பை வண்டியில் கொட்டவும் மனசு வரவில்லை. வெளியே பரப்பிக் காயவைக்க இடமும் கிடையாது.

கொட்டாமல், இதே வாளிக்குள்ளேயே அடி ஈரத்தை வற்றவைத்து நாற்றத்தைப் போக்க என்ன செய்ய வேண்டும்?