ஆர்டிஎக்ஸ் 3080: கோர் 72 டிகிரி, மெமரி 108 டிகிரி. தெர்மல் பேட் மாத்தணுமா?

வைகை_வீடியோ:
வணக்கம் நண்பர்களே. மதுரையில கல்யாண வீடியோ எடிட்டிங் பண்றேன். மெஷின்ல இருக்கிற கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி, மூணு ஃபேன் மாடல். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, வாரண்டி முடிஞ்சிருச்சு.

டாவின்சி ரிசால்வ்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு ரெண்டர் விட்டா, கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. அப்புறம் வேகம் விழுந்துடுது, ஃபேன் கத்த ஆரம்பிக்குது. கார்டைக் கண்காணிக்கிற ஆஃப்டர்பர்னர் சாஃப்ட்வேர்ல கோர், அதாவது மெயின் சிப், 72 டிகிரிதான் காட்டுது. எல்லா சென்சாரையும் காட்டுற ஹெச்டபிள்யூஇன்ஃபோ போட்டுப் பார்த்தப்பதான் பயம் வந்துச்சு: ஹாட் ஸ்பாட் (கோர்ல அதிகம் சுடுற இடம்) 85, மெமரி ஜங்ஷன் (மெமரி சிப்போட உள்சூடு) 108, சில சமயம் 110 தொடுது. ஏசி கிடையாது, ரூம் இப்ப 35 டிகிரி.

வைகாசி முகூர்த்த வேலை வரிசையா நிக்குது, கார்டு போச்சுன்னா தாங்காது. மெமரி சிப்புக்கும் கூலர் உலோகத்துக்கும் நடுவுல இருக்கிற தெர்மல் பேடை மாத்தியே ஆகணுமா? எத்தனை மி.மீ. வாங்கணும்? சூடு கடத்துதிறன் 12 வாட்னு போட்ட பேட் நல்லதா, 15 வாட் நல்லதா?

கோவை_சிப்லெவல்:
நம்பர் எல்லாத்தையும் சேர்த்துப் போட்டதுக்கு நன்றி, இதுலயே பாதி விடை இருக்கு. கோருக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 13 டிகிரிதான் வித்தியாசம். அப்படின்னா கோர் மேல சூடு கடத்தற பேஸ்ட் நல்லா உட்கார்ந்திருக்கு. சிக்கல் மெமரி பக்கம் மட்டும்தான்.

3080ல இருக்கிறது ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி. சாதா ஜிடிடிஆர்6ஐ விட வேகம் அதிகம், சூடும் அதிகம். மெமரி ஜங்ஷன் 110ஐத் தொட்டா கார்டு தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். உங்க ரெண்டர் இழுக்கிறது அதனாலதான். கோர் 72ங்கிறதை வெச்சு நிம்மதியா இருக்க முடியாது.

ஆனா ஸ்குரூ டிரைவரை எடுக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் பார்த்துச் சொல்லுங்க. ஒண்ணு, கேபினெட் சைடு பேனலைக் கழட்டி வெச்சு அதே ரெண்டரை ஓட்டுங்க. மெமரி சூடு நல்லா இறங்கினா காத்தோட்டம்தான் குறை, பேட் இல்லை. ரெண்டு, ஆஃப்டர்பர்னர்ல பவர் லிமிட்டை 80 சதவீதம் வையுங்க. 320 வாட் கார்டு 256 வாட்டுக்கு இறங்கும். மூணு, ஃபேன்ல தூசி இருந்தா ஊதிடுங்க.

நிலா_3டி:
எனக்கும் ஒரு சந்தேகம். என்கிட்ட இருக்கிறது 3070. ஹெச்டபிள்யூஇன்ஃபோல மெமரி ஜங்ஷன்னு ஒரு வரியே வரல. வெர்ஷன் புதுசுதான்.

கோவை_சிப்லெவல்:
@நிலா_3டி 3070ல சாதா ஜிடிடிஆர்6. அதுல மெமரி சூட்டை மென்பொருளுக்குக் காட்டுற வசதி இல்லை, உங்க கார்டுல கோளாறு ஒண்ணும் இல்லை. ஏஎம்டி கார்டு பார்க்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை: அங்க ஜங்ஷன்னு சொல்றது கோரோட ஹாட் ஸ்பாட்டை. மெமரி தனி வரியா வரும். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

வைகை_வீடியோ:
பார்த்துட்டேன் அண்ணா. தூசி ஊதியாச்சு. பேனலைக் கழட்டினா 108லேர்ந்து 105, அவ்வளவுதான். பவர் 80 வெச்சா 99ல நிக்குது, ரெண்டர் நேரத்துல பெருசா வித்தியாசம் தெரியல. 99 பரவாயில்லையா?

கோவை_சிப்லெவல்:
வேலை ஓடும். முகூர்த்த சீசன் முடியற வரைக்கும் அப்படியே ஓட்டலாம், தப்பே இல்லை. அண்டர்வோல்ட் செஞ்சா, அதாவது கோருக்குப் போற வோல்டேஜைக் குறைச்சா, இன்னும் நல்லது. ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோலும் எஃப்பும் சேர்த்து அழுத்தினா வோல்டேஜ் வளைவு வரும். 0.85 வோல்ட்டுக்கு 1800 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வெச்சு, அதுக்கு மேல வளைவைத் தட்டையாக்குங்க. ரெண்டர் நடுவுல கிராஷ் ஆனா மெகாஹெர்ட்ஸைக் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. இது கோரோட மின்சாரத்தைத்தான் குறைக்கும். ஆனா கோரும் மெமரியும் ஒரே ஹீட்சிங்க்ல (கூலரோட உலோகப் பகுதி) சூட்டை இறக்கறதால மெமரிக்கும் ஆறுதல்.

இருந்தாலும் பேனலைக் கழட்டியும் 3 டிகிரிதான் இறங்குதுன்னா பேட் காஞ்சு போச்சு, இல்லைன்னா சரியா ஒட்டாம இருக்கு. கையில அவசர வேலை இல்லாத வாரத்துல பிரிச்சுப் பாருங்க.

ஓவர்க்ளாக்_ராஜா:
பேட் எதுக்கு ப்ரோ, தாமிரத் தகடு வெட்டி ரெண்டு பக்கமும் பேஸ்ட் தடவி வெச்சுடுங்க. 20 டிகிரிக்கு மேல இறங்கும். நான் வெச்சிருக்கேன், சூப்பரா ஓடுது.

கோவை_சிப்லெவல்:
சூடு இறங்கும், மறுக்கல. ஆனா தாமிரம் மின்சாரத்தையும் கடத்தும். மெமரி சிப்பைச் சுத்தி பொடிப் பொடியா கெப்பாசிட்டர் இருக்கு. கார்டு நிமிர்ந்து நிக்கும்போது பேஸ்ட் இளகி தகடு ஒரு மி.மீ. நழுவினா ஷார்ட். அப்படி வந்த போர்டுகளை என் பெஞ்சுல பார்த்திருக்கேன். இன்னொண்ணு, தகடு அமுங்காது. பத்து சிப்பும் ஒரே உயரத்துல இருக்கும்னு நம்பி வைக்கறீங்க. இந்தக் கார்டை வெச்சுத்தான் அவர் சம்பாதிக்கிறார் ராஜா, இந்தச் சோதனை அவருக்கு வேண்டாம்.

இப்ப வைகை கேட்ட கேள்விக்கு வர்றேன், 12 வாட்டா 15 வாட்டான்னு. எல்லாரும் இதைத்தான் முதல்ல கேக்கறாங்க, ஆனா இதுல கிடைக்கிற பலன் ரொம்பக் கம்மி. ஒரு மெமரி சிப் 14க்கு 12 மி.மீ. அது 3 வாட் சூடு தள்ளுதுன்னு வெச்சுக்குவோம். 1.5 மி.மீ. கனமுள்ள 6 வாட் பேட் வழியா அந்தச் சூடு போக ஏறக்குறைய நாலரை டிகிரி வித்தியாசம் வேணும். அதே கனத்துல 12 வாட் பேட்னா ரெண்டேகால். பெட்டியில இருக்கிற நம்பர் இரட்டிப்பானாலும் கையில கிடைக்கிறது ரெண்டு டிகிரிதான்.

சரி, பேட் ஒட்டாம 0.1 மி.மீ. காத்து இடைவெளி இருந்தா? ஒரு பேப்பர் கனம். காத்தோட கடத்துதிறன் வெறும் 0.026. அதே கணக்கைப் போட்டா 70 டிகிரி பக்கம் வருது. நிஜத்துல போர்டு வழியாவும் சூடு இறங்கறதால அவ்வளவு ஏறாது. ஆனா உங்க 108 எங்கேர்ந்து வருதுன்னு இதுலேயே புரியும். பேட் சிப்பையும் ஹீட்சிங்கையும் முழுசாத் தொடணும். அதுக்கு சரியான கனமும், மெத்துனு அமுங்கற குணமும்தான் முக்கியம். விலை கூடின பேட் சிலது விறைப்பா இருக்கும், அமுங்காது.

கனத்தை இணையத்துல யாரோ போட்ட பட்டியலை நம்பி வாங்காதீங்க. ஒரே பேர்ல வர்ற கார்டுலயே கூலர் மாறும். பிரிக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் லோடு கொடுத்துட்டு அணைச்சுடுங்க. சூட்டுல பேட் இளகியிருந்தா கிழியாம வரும். ஹீட்சிங்கைத் தூக்கும்போது வெடுக்குனு இழுக்காதீங்க, ஃபேன் வயர் போர்டுல மாட்டியிருக்கும். முதல்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. பழைய பேட்ல சிப் அழுத்தின இடம் குழிஞ்சிருக்கும். வெளியே நீட்டிக்கிட்டிருந்த ஓரம் அமுங்காம அப்படியே இருக்கும். அந்த ஓரத்தை வெர்னியர்ல அளந்தா, அதுதான் கம்பெனியில வெச்ச கனம். குழியை அளந்தா நிஜமான இடைவெளி. குழியே விழாத பேட் இருந்தா, அந்தச் சிப் இத்தனை நாளும் காத்துலதான் வெந்திருக்கு.

மெமரிக்கும் பக்கத்துல இருக்கிற, மின்சாரத்தைக் கட்டுப்படுத்தற மாஸ்பெட்டுக்கும் கனம் வேற வேறயா இருக்கலாம். தனித்தனியா அளங்க. துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். கை கழுவற சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கும். பிரிச்சாச்சுன்னா கோருக்கும் புதுசாத்தான் போடணும். பேஸ்டுக்குப் பதிலா ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட் கிடைச்சா போடுங்க. 45 டிகிரியில இளகி நல்லாப் பரவும், பேஸ்ட் மாதிரி ஓரத்துக்குத் தள்ளப்படாது.

நிலா_3டி:
அளவு எடுக்கத் தயக்கமா இருந்தா தெர்மல் புட்டி வாங்கலாமே. பிசைஞ்ச மாவு மாதிரி இருக்கும், சிப் மேல வெச்சு மூடினா எந்த இடைவெளிக்கும் தானா அமுங்கிக்கும்.

கோவை_சிப்லெவல்:
அருமையான யோசனை. மின்சாரம் கடத்தாத புட்டியான்னு மட்டும் பார்த்து வாங்குங்க.

வைகை_வீடியோ:
அண்ணா, பிரிச்சாச்சு. நீங்க சொன்னதேதான். பத்துல மூணு சிப் மேல பேட்ல குழியே இல்லை, ஒரு மூலையில பேட் மடங்கி வேற இருந்துச்சு. முன்னாடி யாரோ ஒருதடவை பிரிச்ச மாதிரி தெரியுது. அளந்தா வேற வேற அளவு வந்ததால, நிலா சொன்னபடி மெமரிக்கு எல்லாம் புட்டி, கோருக்கு பிடிஎம் ஷீட்.

அதே ப்ராஜெக்ட், ரூம் அதே 35 டிகிரி, பவர் லிமிட் 100 சதவீதம்: கோர் 71, ஹாட் ஸ்பாட் 82, மெமரி 88. அண்டர்வோல்ட்டோட மெமரி 80. ஃபேன் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேக்கல. ரொம்ப நன்றி அண்ணா, நன்றி நிலா.

தஞ்சை_கேமர்:
இந்த இழையைப் படிச்சுட்டு கேக்கறேன், உதவி பண்ணுங்க. என் 3080ஐ ஒரு கடையில கொடுத்து பேட் மாத்தினேன். மெமரி 84க்கு வந்துருச்சு. ஆனா முன்னாடி 70ல இருந்த கோர் இப்ப 83, ஹாட் ஸ்பாட் 106. கடைக்காரர் புது பேட் செட் ஆக நாளாகும்ங்கிறார்.

கோவை_சிப்லெவல்:
தம்பி, காத்திருக்காதீங்க. கோருக்கும் ஹாட் ஸ்பாட்டுக்கும் 23 டிகிரி வித்தியாசம் வந்துருச்சுன்னா பேட் கனம் கூடிப்போச்சு. ஹீட்சிங்கை அது தூக்கிப் பிடிக்குது, கோர் மேல அழுத்தம் இல்லை. அதனாலதான் மெமரி நல்லாவும் கோர் மோசமாவும் காட்டுது. ஸ்குரூவை இன்னும் இறுக்கச் சொல்லாதீங்க, போர்டு வளையும். திரும்பக் கொடுத்து 0.5 மி.மீ. குறைவான மெத்துனு இருக்கிற பேட், இல்லைன்னா புட்டி போடச் சொல்லுங்க. மூடும்போது கோரைச் சுத்தி இருக்கிற நாலு ஸ்குரூவையும் எதிரெதிர் மூலையா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். மூடினதும் ஒருதடவை திரும்பத் திறந்து, கோர் மேல பேஸ்ட் முழுசாப் பரவியிருக்கான்னு உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க. துடைச்சுட்டு புது பேஸ்ட் வெச்சு மூடிக்கலாம்.

தஞ்சை_கேமர்:
சரிங்கண்ணா, நாளைக்கே கொண்டு போறேன். அதுவரைக்கும் ஓட்டலாமா?

கோவை_சிப்லெவல்:
பவர் லிமிட்டை 60 சதவீதத்துக்கு இறக்கிட்டு சின்ன வேலை பார்க்கலாம். கேம் வேண்டாம்.