கேமரா இல்லாத கணினியில் கியூஆர் கோட் திறப்பது எப்படி?

மன்னார்குடி ஜெராக்ஸ்:
பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சம்பா நேரம் வந்தால் போதும், இடுப்பு மடிப்பில் செருகிக் கசங்கிய நோட்டீஸோடு ஆட்கள் வருகிறார்கள். விண்ணப்பப் பக்கத்தின் முகவரி கியூஆருக்குள்தான் இருக்கிறது. அவர்களிடம் பட்டன் போன். என் கணினியில் கேமரா கிடையாது, ஸ்கேனர் உண்டு. இப்போதைக்கு என் போனில் படித்து, லிங்கை எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பித் திறக்கிறேன். கூட்டத்தில் இது சரிப்படவில்லை.

திருவாரூர் தம்பி:
அண்ணே, ஸ்கேனர் இருக்கும்போது கேமரா எதற்கு? 300 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு) வைத்து ஸ்கேன் செய்து, படத்தை குரோமில் இழுத்துப் போடுங்கள். ரைட் கிளிக் செய்தால் கூகுள் லென்ஸ் வரும். கியூஆரைச் சுற்றிக் கட்டம் போட்டால் லிங்க் வந்துவிடும். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் படிக்காமல் போகலாம். கசங்கல் பெரிய விஷயமில்லை, கெட்ட பகுதியை மீட்டுக்கொள்ளும் பிழைதிருத்தம் கோடுக்கு உள்ளேயே இருக்கிறது. பிழைதிருத்தத்தின் உச்ச நிலையில் உருவாக்கிய கோட் என்றால் சுமார் 30 சதவீதம் கெட்டாலும் தேறும்.

கும்பகோணம் லினக்ஸ்:
லென்ஸ் படத்தை கூகுள் சர்வருக்கு அனுப்பித்தான் படிக்கும். ஆதார் கியூஆரை அங்கே காட்டாதீர்கள். உங்கள் கணினியில் லினக்ஸ் என்றால் இசட்பார் என்ற கோட் படிக்கும் மென்பொருளை நிறுவுங்கள், நெட் இல்லாமலே படிக்கும்.

மன்னார்குடி ஜெராக்ஸ்:
லென்ஸ் வேலை செய்கிறது தம்பி! ஆனால் உரக்கடைக்காரர் கொடுத்த ஒன்று 'யுபிஐ' என்று தொடங்குகிறது, திறக்க மாட்டேன் என்கிறது.

திருவாரூர் தம்பி:
அது பணம் கட்டும் கியூஆர் அண்ணே. போன் ஆப்தான் வேண்டும்.