போலீஸ் நிறுத்தினால் காரைவிட்டு இறங்காதீர்கள் (அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு)

வந்த இரண்டாவது மாதம், இரவு ஒன்பதரை மணி. பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு. ஊர்ப் பழக்கம் விடுமா? ஓரங்கட்டிய கையோடு லைசென்ஸை எடுத்துக்கொண்டு, "சார்" என்று சொல்லியபடி அவரிடம் போகக் கதவைத் திறந்தேன். ஒரு கால்தான் தரையில் பட்டிருக்கும். "உள்ளே போ" என்று ஸ்பீக்கரில் ஒரு கத்தல். சைடு மிரரில் பார்த்தால் அவர் கை இடுப்புத் துப்பாக்கிமேல் இருக்கிறது. நம்மூரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே அதைத் தாக்க வருவதாக எடுத்துக்கொள்வார்கள்.

ஆகவே உள்ளேயே உட்காருங்கள். எஞ்சினை அணைத்து, உள் விளக்கைப் போட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வையுங்கள். பேப்பர் டேஷ்போர்டுக்குள் இருந்தால், "அதிலிருந்து எடுக்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். அவரே இறங்கச் சொன்னால் இறங்கிவிடுங்கள். அப்படிச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நியாயத்தை நடுரோட்டில் பேச வேண்டாம். பர்ஸைத் திறந்து "ஏதாவது பார்த்து..." என்று இழுக்கவே கூடாது. அது தனிக் குற்றம்.

"தப்பாகச் சுட்டால் கேஸ் போடலாமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போடலாம். ஆனால் 1989-இல் வந்த ஒரு தீர்ப்பின்படி, அந்தச் சூழ்நிலையில், அந்த இடத்தில் இருக்கும் ஒரு நியாயமான போலீஸ்காரருக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். அதைத் தாண்டினாலும் குவாலிஃபைட் இம்யூனிட்டி (நஷ்டஈட்டு வழக்கிலிருந்து அதிகாரிகளைக் காக்கும் சட்டப் பாதுகாப்பு) என்ற சுவர் நிற்கிறது. ஏறக்குறைய இதே மாதிரி நடந்த பழைய வழக்கில் "இது தவறு" என்று தீர்ப்பு இருந்தால்தான் அந்த அதிகாரியிடம் நஷ்டஈடு கேட்க முடியும். அரிசோனாவின் டூசானில் ஒரு பெண் கையில் சமையலறைக் கத்தியோடு நின்றார். பக்கத்தில் நின்ற தோழி தனக்குப் பயமே இல்லை என்றார். அந்தப் பெண்மேல் நான்கு குண்டுகள் பாய்ந்தன, உயிர் பிழைத்தார். ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பைக் காட்டி அதிகாரியை விடுவித்துவிட்டது. எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

இந்த இம்யூனிட்டி கிரிமினல் வழக்கைத் தடுக்காது. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். நகராட்சிக்கும் இந்தக் கேடயம் கிடையாது. கொலராடோவும் (2020) நியூ மெக்ஸிகோவும் (2021) தங்கள் மாநிலச் சட்டப்படி போடும் வழக்குகளில் இதை எடுத்தே விட்டன.

அப்பா அம்மாவை அழைத்து வருபவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். 2015 பிப்ரவரி, அலபாமாவின் மேடிசன். பேரனைப் பார்த்துக்கொள்ள குஜராத்திலிருந்து வந்த 57 வயதுத் தாத்தா காலையில் மகன் வீட்டுத் தெருவில் நடந்துகொண்டிருந்தார். சந்தேகப்படும்படி யாரோ நடமாடுவதாக அக்கம்பக்கத்தில் ஒருவர் போலீஸுக்கு போன் போட்டார். தாத்தாவுக்குத் தெரிந்தது "நோ இங்கிலீஷ்", "இந்தியா" அவ்வளவுதான். வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் அவர் கையைப் பின்னால் பிடித்துத் தரையில் அடித்ததில் கழுத்தெலும்பு பாதித்து, உடம்பின் ஒரு பகுதி செயலிழந்துபோனது. அந்த அதிகாரிமேல் போட்ட கிரிமினல் வழக்கில் இரண்டு முறை ஜூரி ஒத்துப்போகவில்லை, கடைசியில் நீதிபதி அவரை விடுதலை செய்தார். சிவில் வழக்கில் மட்டும் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் அந்த அதிகாரிக்கு இம்யூனிட்டி தர மறுத்தது. அடுத்த வருடம் 17.5 லட்சம் டாலருக்கு சமரசம். பணம் வந்தது, சரி, நடை வந்ததா?

நம் பெரியவர்களும் காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வீடு வீடாக நின்று பூச்செடி பார்த்தபடி நடப்பவர்கள்தானே. அதனால் ஒரு அட்டையில் "எனக்கு ஆங்கிலம் தெரியாது, என் மகனைக் கூப்பிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதி, முகவரியும் போன் நம்பரும் போட்டு அப்பாவிடம் கொடுத்தேன். அதைப் பேண்ட் பையிலிருந்து எடுக்கப் போனாலே வம்பு என்பதால் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னேன். "நான் என்ன எல்கேஜி பையனா?" என்று முறைத்தார். இப்போது அம்மாதான் தினமும் மாட்டி அனுப்புகிறார்.