புதுப்பிப்பு: ஊதா நிற இலைகளும் மண்ணில் முடங்கிய மணிச்சத்தும்

மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் இட்ட பின்னரும் மக்காச்சோள இளஞ்செடிகளின் அடியிலைகள் ஓரத்திலிருந்து, அச்சத்தின் குறையைக் காட்டும் ஊதா நிறமாவது ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது: கார அமில நிலை (pH) 8.2, அதாவது மண் காரத்தன்மை உடையது. சுண்ணாம்பு மிகுந்த இத்தகைய மண்ணில், இட்ட மணிச்சத்தின் பெரும்பகுதி கால்சியத்துடன் பிணைந்து எளிதில் கரையாத சேர்மமாகிவிடுகிறது. கரைந்து நிற்கும் சிறு பங்கும் சில மில்லிமீட்டருக்கு மேல் நகர்வதில்லை என்பதால், வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. (அடியிலையில் குறை முதலில் தெரிவதற்குக் காரணம், செடி அங்குள்ள மணிச்சத்தைக் குருத்துக்குக் கடத்திவிடுவதே.) வேர் பரவிய பின் விரியும் இலைகள் இப்போது பச்சையாகவே உள்ளன. ஆகவே அடுத்த விதைப்பில் உரத்தின் அளவைக் கூட்டப்போவதில்லை. பரவலாகத் தூவாமல், விதையைத் தொடாதபடி வரிசையின் பக்கவாட்டில் சற்று ஆழமாக இடுவதே இம்மண்ணுக்கு ஏற்றது என்று உறுதியாகக் கருதுகிறேன்.