விடியற்காலையில் கேஸ் ஸ்டவ் படுத்துவிடுகிறது, என்ன செய்யலாம்?

போன வார இறுதியில் நண்பர்கள் நான்கு பேர் மலையேறி, 2,800 மீட்டர் உயரத்தில் கூடாரம் போட்டோம். சனி இரவு ஸ்டவ் நன்றாகவே எரிந்தது. ஞாயிறு காலை 5 மணிக்கு, வெளியே மைனஸ் 2 டிகிரி. சுடர் நீலமாகக் கிளம்பி, இரண்டே நிமிடத்தில் மெழுகுவர்த்தி அளவுக்குச் சுருங்கிவிட்டது. அரை லிட்டர் தண்ணீர் 25 நிமிடமாகியும் கொதிக்கவில்லை.

சிலிண்டரின் தலையில் நேராகத் திருகி மாட்டும் சின்ன ஸ்டவ். சிலிண்டர் 230 கிராம். லேபிளில் பியூட்டேன் என்று மட்டும்தான் இருக்கிறது. குலுக்கினால் பாதிக்கு மேல் திரவம் மிச்சம்.

ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவரும் சின்னத் துளையை, சுத்தம் செய்தோம். புது சிலிண்டர் மாற்றினோம், அதுவும் அப்படியே. உள்ளங்கையில் பிடித்துச் சூடாக்கினால் கொஞ்சம் உயிர் வரும்; கையை எடுத்தால் மறுபடி படுத்துவிடும். கல் அடுக்கிக் காற்றை மறைத்தோம், ஆனால் சிலிண்டர் சூடேறி வெடித்துவிடுமோ என்ற பயத்தில் முழுக்க மூடவில்லை. வீட்டில் பற்றவைத்தால் ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சல்.

பியூட்டேனின் கொதிநிலை கடல் மட்டத்தில் கிட்டத்தட்ட 0 டிகிரி, புரொப்பேனுக்கு மைனஸ் 42 என்பது வரை படித்துவிட்டேன். இரண்டு வாரத்தில் அடுத்த பயணம். இரவில் மைனஸ் 8 வரை இறங்கலாம். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த சிலிண்டரை இதே ஸ்டவ்வில் மாட்டினால் போதுமா, இல்லை சிலிண்டரைக் கவிழ்த்து வைக்கும் குழாய் ஸ்டவ்தான் வாங்க வேண்டுமா?