எவோ 7 ஒக்சிஜன் சென்சர்: எதைப் போடலாம், அண்ணாமார்?

வணக்கம், நான் கிளிநொச்சி. என்னிடம் மிட்சுபிஷி லான்சர் எவோ 7 கார் நிற்குது, 4ஜி63 டேர்போ என்ஜின். ரெண்டு கிழமையாக என்ஜின் லைட் அணையவே இல்லை, பெற்றோலும் கண்டபடி குடிக்குது, காலமை ஸ்டார்ட் பண்ணினால் சைலென்சரில் பச்சைப் பெற்றோல் மணம். முன் ஒக்சிஜன் சென்சரை (புகையில் ஒக்சிஜன் எவ்வளவு இருக்கு என்று பார்க்கிறது) கழற்றி ஹீட்டர் வயர் ரெண்டிலும் மல்டிமீற்றர் வைச்சுப் பார்த்தேன், ஓபன், அதாவது உள்ளுக்குள் ஹீட்டர் அறுந்துபோச்சு. முனையும் கரி பிடிச்சுக் கறுப்பாய் இருக்கு. சரி, மாத்தத்தான் வேணும்.

இங்கே ஒரு கடையில் நாலு வயர் யுனிவர்சல் (பிளக் இல்லாமல் எந்தக் காருக்கும் என்று விக்கிற) சென்சரைக் காட்டி, வயரை வெட்டி ஒட்டினால் சரி என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. இது 0.1 இலிருந்து 0.9 வோல்ற் வரைக்கும் சிக்னல் தாற சாமான், ஒட்டின இடத்தில் ஈரம் போனால் ஈசியூ (என்ஜினை நடத்துற கொம்பியூட்டர்) தலைகீழாய் விளங்கிக்கொள்ளும், பிறகு டேர்போ என்ஜினின் கதி?

டென்சோ, என்ஜிகே ரெண்டு கம்பனிச் சென்சரில் எது பாவிச்சிருக்கிறீர்கள், அதே பிளக்கோடு வாறதின் பாட் நம்பர் தெரிஞ்சால் போடுங்கோ. வைட்பேண்ட் (காற்று-பெற்றோல் கலவையின் அளவைச் சரியாய்ச் சொல்லுற சென்சர்) பூட்டச் சொல்லுகினம், ஆனால் இந்த ஈசியூவுக்கு நாரோபேண்ட் (பெற்றோல் கூடவா குறைவா என்று மட்டும் சொல்லுற) சிக்னல்தானே வேணும்? வைட்பேண்டுக்குத் தனிக் கொன்ட்ரோலரும் கேஜும் வைச்சு ஓடுறவை இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கோ.

யாழ்ப்பாணம், வவுனியாவில் நல்ல சாமான் எடுக்கலாமோ, இல்லை கொழும்புக்குத்தான் பஸ் ஏறவேணுமோ? கழற்றிப் பூட்டுறது நானே செய்வேன், 22 சாவி இருக்கு.