காது கேட்கிறது, வகுப்பில் புரியவில்லை: எஃப்எம் கருவியை வாங்கும் முன் போட்டுப் பார்க்க முடியுமா?

வணக்கம். மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உண்டு. மதுரையில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் ஒருவர் நிதானமாகப் பேசினால் எல்லாம் புரிந்துகொள்கிறான். வகுப்பில் மின்விசிறி கடகடக்க, பிள்ளைகள் சளசளவென்று பேச ஆரம்பித்தால் டீச்சர் சொல்வது பிடிபடுவதில்லை. "நோட்டை எடு" என்றால் "கோட்டையா?" என்கிறான். அப்புறம் மிக்ஸி, குக்கர் விசில், கல்யாண மேளம் எதுவானாலும் காதைப் பொத்திக்கொண்டு அழுகை. ஜூனில் பெரிய வகுப்பறைக்கு மாறியதிலிருந்து இரண்டுமே கூடிவிட்டன.

ஆடியோகிராம் (காது கேட்கும் அளவைப் பார்க்கும் சோதனை), பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் பதிலைப் பார்க்கும் சோதனை) இரண்டும் நார்மல். காதில் அழுக்கோ சீழோ இல்லை. முன் பெஞ்சில் உட்கார வைத்தோம். காலையில் பரவாயில்லை, மதியத்துக்கு மேல் துவண்டுவிடுகிறான். இயர் மஃப் (சத்தத்தைத் தடுக்கும் காது மூடி) போட்டால் நிம்மதியாக இருக்கிறான், ஆனால் பாடமும் சேர்ந்து அடைபடுகிறது. நாள் முழுக்கப் போட்டால் சத்தக் கூச்சம் இன்னும் அதிகமாகலாம் என்றார் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்). அதனால் பஸ் ஸ்டாண்டு, கடைத்தெருவுக்கு மட்டும். பள்ளியில் "கவனிப்பதில்லை" என்று டைரியில் எழுதி அனுப்புகிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. டீச்சரின் வாயையே பார்த்துக்கொண்டு, கேட்கத்தான் அவ்வளவு பாடுபடுகிறான்.

இப்போது எஃப்எம் கருவி சொல்லியிருக்கிறார்கள்: டீச்சரிடம் மைக், இவன் காதில் ரிசீவர், இரைச்சலைத் தாண்டிக் குரல் நேரே வரும். விலை அதிகம். சட்டை லேபிளைக்கூடக் கத்தரிக்கச் சொல்பவன் இவன்; காதில் வைக்க விடுவானா தெரியவில்லை.

வாங்கும் முன் சில நாள் வகுப்பில் போட்டுப் பார்க்க, மதுரை, திருச்சி பக்கம் இந்தக் கருவியை எங்கே தருகிறார்கள்?